கவுன்சில் அங்கிளின் ஒற்றையடிப் பாதை

டெக்ஸாஸில் இங்கிலாந்துச் சட்டப்படி வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் கவுன்சில் அங்கிளாகத்தான் இருக்க வேண்டும். சொந்த ஊர் செங்கல்பட்டு. ஆனால் வேலை பார்த்து ஓய்வு பெற்றது, மனிதர்களைவிட ஆடுகள் அதிகமுள்ள ஓர் ஆங்கிலேய மாவட்டத்தின் கவுன்சில் அலுவலகத்தில். மகளோடு இருக்கலாம் என்று டல்லாஸுக்கு வடக்கே எங்கள் தெருவுக்கு வந்தவர், அந்த மாவட்டத்தையும் கூடவே கொண்டு வந்துவிட்டார்.

பிறந்தநாள் விழாக்களில் குழந்தை மெழுகுவத்தியை ஊதக் காத்திருக்கும். இவர் விடமாட்டார்.

"எங்க டிஸ்ட்ரிக்ட்ல குப்பைய எடுக்கறது டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். அதைக் கொண்டுபோய்க் கொட்டறது அதுக்கு மேல இருக்கற கவுன்ட்டி கவுன்சில். ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது."

"அங்கிள், கேக் கட் பண்ணிடலாமா?"

"இரும்மா, கிராமத்துக்குக் கிராமம் இருக்கற பாரிஷ் கவுன்சிலுக்கு இன்னும் வரல."

இரண்டு பழைய மாவட்டங்களை இணைத்தபோது எந்த ஊர்ப் பெயரை வைப்பது என்று அடித்துக்கொண்டு, கடைசியில் நடுவில் ஓடிய ஆற்றின் பெயரை வைத்த கதையைக் கேட்காதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. அவர் தலை தெரிந்தாலே கராஜ் கதவுகள் இறங்கிவிடும்.

முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டவர் ஆம்பூர் இப்ராஹிம் பாய் ஒருவர்தான். பக்கவாதத்தில் படுத்திருந்ததால் எழுந்து ஓட முடியவில்லை என்று நாங்கள் கிண்டலடிப்போம். பாய் வீடு எங்கள் தெருவுக்குப் பின்னாலிருந்த காலிமனையைத் தாண்டி இருந்தது. அங்கிளுக்குப் பார்வை மங்கி, கார் ஓட்ட முடியாது. ரோட்டிலோ நடைபாதை கிடையாது. மனை வழியாக நடந்தால்தான் பாயைப் பார்க்க முடியும்.

அந்த மனையை வாங்கிய பில்டர், வேலி வரப்போகிறது என்று போர்டு வைத்தார். அங்கிள் அசரவில்லை.

"ஜனங்க பல வருஷம் நடந்த பாதைய யாரும் அடைக்க முடியாது. எங்க டிஸ்ட்ரிக்ட்ல அதான் சட்டம். விடாம நடக்கணும், அவ்ளோதான்."

கொளுத்தும் வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு நடந்தார். நடப்பவர் அவர் ஒருவரே என்பதால், எங்களையும் ஜனங்களாக வரச் சொன்னார். கோயம்புத்தூர் செந்தில் ஒருநாள் போனான். அத்துமீறல் கேஸானால் கிரீன் கார்டு என்னாகும் என்ற ஞாபகம் வந்ததும் பாதியிலேயே திரும்பிவிட்டான்.

நகர கவுன்சில் கூட்டத்தில் பேச அவருக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். ஆடுகளிலிருந்து ஆரம்பித்தார். ஆற்றுக்கு வந்தபோது மணி அடித்துவிட்டது. "தேங்க் யூ, சார்" என்றார்கள். பாய் பெயரை அவர் சொல்லவே இல்லை. கூடப் போயிருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வேலி வந்தது.

"நான் டிராப் பண்றேன் அங்கிள்" என்றேன்.

"ஒருத்தரப் பாக்கறதுக்கு இன்னொருத்தர் நேரம் ஒதுக்கணுமா?" என்று முறைத்தார். ஆனாலும் சனிக்கிழமைகளில் வந்து ஏறிக்கொண்டார். வழியில் ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் பேச்சுக்குப் பயந்து ஒளிந்தவன்தான் நான். அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை.

குளிர்காலத்தில் பாய் இறந்துபோனார். அடக்கம் முடிந்த பிறகு வந்த சனிக்கிழமையும் அங்கிள் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தார். வண்டியை எடுத்தேன். ஃப்ரீவேயில் ஏறிச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தோம்.

வெகுநேரம் கழித்து, "உனக்கு வேலை இருக்குமேப்பா, வீட்டுக்குப் போலாம்" என்றார்.

இருந்தது. எங்கள் தெருவுக்கு இறங்கும் எக்ஸிட் வந்தது. திரும்பாமல் நேரே ஓட்டினேன்.