சர்வாதிகாரியின் நடை

"இன்னொரு தடவை சமையலறைக்குப் போய்ட்டு வா."

"தண்ணிதான் குடுத்துட்டேனே, என்ன விளையாட்டு?" திட்டிக்கொண்டே போய் வந்தாள். கணவர் மடியில் வழக்கம்போல் ஒலிப்பதிவுக் கருவி. சினிமாவுக்குக் காலடி, கதவு, அடிதடிச் சத்தங்களை உண்டாக்குவது அவர் தொழில்.

மறுநாள், கையிலிருந்த படத்தின் வேலையை முடித்துக் கொடுத்த கையோடு, நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தவர் எழவில்லை.

எட்டு மாதம் கழித்து இயக்குநரே வீடு தேடி வந்தார். தான் கொன்றவர்களை மறந்துபோன சர்வாதிகாரியைப் பற்றிய அவர் படம் ஊரெல்லாம் பேச்சு.

"ஒரு சொட்டு ரத்தம் காட்டலம்மா. அவன் நடந்து வர்ற சத்தம் மட்டும்தான். முகம் மறந்தாலும் பயமுறுத்தின சத்தம் மறக்காதுன்னு உங்க வீட்டுக்காரர்தான் சொன்னார். அந்தச் சத்தத்துக்கு அவர் வச்சிருந்த பூட்ஸை அருங்காட்சியகத்துல வைக்கப் போறாங்க, அவர் பேரோட."

அவர் பேரோட! வீட்டில் பூட்ஸே கிடையாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"பரண்ல இருக்கு."

வெறுங்காலோடு பூனைபோலப் பின்வாசல் வழியே போய், பக்கத்து வீட்டுக் காவலாளியின் பூட்ஸைக் கடன் வாங்கி வந்தாள். இயக்குநரின் டிரைவர் மாட்டிக்கொண்டு நடந்தார். டக், டக்.

"இது இல்லையே. டக்... சர்ர்னு இழுக்கும்."

"தரையில மண்ணு போட்டா சரியாயிடும்."

போட்டாள். கறுமுறு என்றது. எண்ணெய் தடவினாள். டிரைவர் வழுக்கிக்கொண்டு போய் அலமாரியில் மோதினார்.

"வன்முறை வந்துருச்சு சார். அதிகாரம்தான் வரல," என்றார் டிரைவர்.

அதற்குள் வாசலில் குரல். "அக்கா, டூட்டிக்கு நேரமாச்சு. என் பூட்ஸு?"

இயக்குநர் முகம் கறுத்தது. "அப்போ அந்தச் சத்தத்த அவர் எங்கேருந்து திருடினார்?"

"என் புருஷனா திருடன்? அவர் நோட்டைக் காட்டுறேன், இருங்க!"

வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் பாய்ந்தாள். நோட்டோடு திரும்பினாள். டக்... சர்ர். டக்... சர்ர்.

இயக்குநர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். டிரைவர் காவலாளியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார்.

இயக்குநர் நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். கணவரின் கையெழுத்து: 'சர்வாதிகாரி நடை. சமையலறை முதல் கூடம் வரை. இரண்டாம் முறை, கோபத்தில், பிரமாதம்.'

அவள் இரண்டு தடவை படித்தாள். கண் நிறைந்தது. தலை நிமிர்ந்தது.

"அவர் பேரைப் பெரிசா எழுதணும்," என்றாள்.

டிரைவர் மெல்ல எட்டிப் பார்த்தார். "சார், கண்ணாடிப் பெட்டியை அம்மா உயரத்துக்குச் செய்யச் சொல்லுங்க."

அவள் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவரப் போனாள். இடது கால் இன்னும் இழுத்தது.