இடுப்பு அண்ணனும் எக்ஸ்ரேயும்

போடிநாயக்கனூரில் மாப்பிள்ளையின் குணம் விசாரிப்பவர்கள் ஆயிரம் பேர். நாயின் இடுப்பை விசாரித்தவர் ஒரே ஒருவர். போடிமெட்டுக்கு ஜீப் ஓட்டும் அவரை ஊரே ‘இடுப்பு அண்ணே’ என்றுதான் கூப்பிடும். மலைப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரான நான் தினமும் அவருடைய முன்சீட்டுப் பயணி.

அண்ணன் அல்சேஷன் வளர்ப்பவர். குட்டிகள் ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் காவலுக்குப் போகும். இணைசேர்க்க யார் நாயைக் கூட்டி வந்தாலும் முதல் கேள்வி, “எக்ஸ்ரே எங்க?” நாய்க்கு இரண்டு வயது முடிந்ததும் மயக்க ஊசி போட்டு, மல்லாக்கப் படுக்கவைத்து, இடுப்பைப் படம் எடுத்திருக்க வேண்டும்.

“நல்லாத்தான ஓடுதுண்ணே!” என்பார் நாய்க்காரர்.

“இப்ப ஓடும் அப்பு. தொடை எலும்பு இடுப்புக் கிண்ணத்துல சரியா உக்காரலேன்னா அந்தக் கோளாறு குட்டிக்கும் வரும். நாலு வயசுல அது எந்திரிக்க முடியாமக் கெடந்தா யாரு பாவம்?”

படங்களை ஜீப் கண்ணாடியில் மாட்டி வைத்திருப்பார். ஒருநாள் குரங்கணி ஊர்க்கார அம்மா ஒருத்தி அண்ணாந்து பார்த்தாள். “ஆத்தாடி, டிரைவருக்கு இடுப்பே போச்சு! நான் அடுத்த ஜீப்புல வர்றேன்” என்று இறங்கிவிட்டாள்.

அண்ணன் என்னையும் விடவில்லை. “சார், கொஞ்சம் நடங்க.” நடந்தேன். பின்னாலிருந்து உற்றுப் பார்த்துவிட்டு, “சேக்கலாம்” என்றார். எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை. ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டேன்.

அவருடைய செல்லம் கர்ணன். தாய் செத்துப்போக, அண்ணனே புட்டிப்பால் கொடுத்து வளர்த்த நாய். சிங்கம் மாதிரி நிற்பான். மூன்று எஸ்டேட்டுகள் அவனுக்காகக் காத்திருந்தன. இரண்டு வயதானதும் மதுரைக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்து வந்தார். வந்தவர் அந்தப் படத்தை மட்டும் ஜீப் கண்ணாடியில் மாட்டவில்லை.

மூன்றாம் நாள் ஒரு எஸ்டேட் மேனேஜர் பெட்டை நாயோடு வந்து இறங்கினார். அண்ணன் படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

“இடது பக்கம் பாருங்க. கிண்ணம் ஆழமில்ல. இவனைச் சேக்க மாட்டேன்.”

“நீங்க சொல்லலேன்னா யாருக்குய்யா தெரியப் போகுது?”

“எனக்குத் தெரிஞ்சு போச்சே சார்.”

மேனேஜர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். மறுமாதமே தன் பெட்டையின் இடுப்புப் படத்தோடு திரும்பி வந்தார். அண்ணன் தேவாரம் ஊரில் எக்ஸ்ரேயில் தேறிய ஒரு கடுவன் நாயைக் காட்டிவிட்டார். அதில் பிறந்த ஆறு குட்டிகளும் இன்று மலையேறிக் குரைக்கின்றன.

கர்ணனுக்குக் குடும்பக்கட்டுப்பாடு ஆனது. உடம்பு போடக் கூடாது, குதிக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. அண்ணன் அவனை இரண்டு கையாலும் அள்ளி முன்சீட்டில் உட்காரவைத்து, என்னைத் தயங்கித் தயங்கிப் பார்த்தார்.

“சார்... கோவிச்சுக்கிராதீக.”

இப்போதும் நான் பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவில்தான் மலையேறுகிறேன். வேறு ஜீப்புகளில் முன்சீட்டு காலியாகத்தான் போகிறது. ஏற மனம் வருவதில்லை.