தேவனுக்கு வாக்கப்பட்டவள்

ஏதென்ஸ் நகரத்தார் ராஜாக்களை என்றைக்கோ ஒழித்துக் கட்டிவிட்டார்கள். ஆனால் திராட்சை மது விழாவில் டயோனிசஸ் தேவன் ராஜாவின் மனைவியைத்தான் மணப்பார் என்பது வழக்கம். தேவனிடம் போய் நிலைமையை விளக்க முடியுமா? ஆகவே ஆண்டுதோறும் ஒருவரைக் குலுக்கலில் எடுத்து, 'ராஜா' என்று பட்டம் சூட்டி, அவர் மனைவியைத் தேவனுக்குக் கட்டிவைத்தார்கள்.

அந்த வருஷத்து ராஜா எண்ணெய் வியாபாரி மெனெக்லஸ். பதவிக்காலம் முடிந்ததும் தணிக்கைக் குழு அவரை அழைத்தது.

"கல்யாணத்தன்னிக்குத் தேவன் முகமூடி போட்டுக்கிட்டு மணவறைக்குள்ள போனது யாரு?" என்றார் குழுத் தலைவர் பிதோன்.

"நான்தாங்க."

"யோசிச்சுச் சொல்லுய்யா. நீதான்னா தேவன் வரலைன்னு ஆகுது. தெய்வக் குத்தம். விஷக் கோப்பைதான்."

"ஐயையோ! அப்ப தேவன்தாங்க."

"அப்படின்னா உன் பொண்டாட்டி இன்னொருத்தரோட இருந்திருக்கா. தெரிஞ்சும் குடும்பம் நடத்தினா குடியுரிமை போயிடும். இன்னிக்கே தள்ளி வச்சுடு."

மனைவி தெலெசிப்பா இல்லாத வீட்டை மெனெக்லஸால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பாவம், அவள்மேல் உயிரையே வைத்திருந்தார். வெளியில் சொன்னால் ஊர் சிரிக்கும்.

கோயில் பணிப்பெண்களை விசாரித்தார்கள். ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறோம் என்றார்கள். மீன் கடையில் அந்தச் சத்தியம் செல்லாது என்பது வேறு விஷயம்.

கடைசியில் தெலெசிப்பாவையே கூப்பிட்டார்கள். பெண்கள் சாட்சி சொல்லச் சட்டத்தில் இடமில்லை. தேவபத்தினி பெண் கணக்கில் வரமாட்டாள் என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்தது.

"வந்தது யாரும்மா?"

"சந்தேகமென்ன, தேவன்தான்."

"எப்படிச் சொல்றே?"

"கட்டில்ல உக்காந்து, 'வீட்டுல நாள் பூரா என்ன பண்றே?'ன்னு கேட்டாரு. நான் சொல்லச் சொல்ல கேட்டுக்கிட்டே இருந்தாரு. குறுக்க பேசலை. கொட்டாவி விடலை. அப்புறம்தான் விளக்கை அணைச்சாரு."

மெனெக்லஸ் தலையைக் குனிந்துகொண்டார். முகமூடி இருந்த தைரியத்தில் ஆசையை அடக்க முடியாமல் கேட்டுவிட்டார். அதை இப்போது சொல்லிப் பெருமைப்படவா முடியும்?

பிதோன் தீர்ப்பளித்தார்:

"மனைவி பேச்சைக் காதுகொடுத்துக் கேட்ட கணவர் இந்நகரில் இதுகாறும் எவரும் இலர். ஆகவே வந்தவர் மனிதர் அல்லர். மனிதர் அல்லாதவரோடு சோரம் போதல் சட்டப்படி சாத்தியமன்று. தம்பதியர் கூடி வாழலாம். இனி கணவர் எவரேனும் அவ்வாறு கேட்பாராயின், தேவனைப் போல் வேடமிட்ட குற்றத்துக்கு ஆளாவார்."

குழுவினர் இரண்டு கைகளையும் தூக்கி ஆதரித்தார்கள். மெனெக்லஸும் தூக்கினார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தெலெசிப்பா என்னவோ சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் வானத்தைப் பார்த்தபடி நடந்தார். மனிதன் இயற்றிய சட்டங்களில், எல்லா ஊரிலும், இன்றுவரை ஒருத்தரும் மீறாதது அது ஒன்றுதான்.