மண்ணின் மூச்சில் ஒரு பிழைத்திருத்தம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் அம்மாவும் சுகம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காடும் சுகம். உன் ஆராய்ச்சியும் சுகப்பட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே கேள்வி கேட்பாய், நான் பதறிப்போய்ப் பொய் சொல்லிவிடுவேன்.

போன வாரம் நீ போனில் குதித்தாயே, "அப்பா, மூணு மாசமா மழையே இல்ல, ஆனா மண்ணு மழை பெஞ்ச மாதிரி கரியமில வாயுவ விடுது! யாருமே பாக்காத சங்கதிப்பா இது!" என்று, அப்போதே நான் ஏதோ சாக்குச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மண் விடும் மூச்சை அளந்து உனக்கு எண்களாக அனுப்ப நீ காட்டில் வைத்துவிட்டுப் போன பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று மட்டும் தினமும் பார்க்கச் சொன்னாய். பக்கத்தில் நின்று மூச்சுகூட விடாதே, அதையும் சேர்த்து அளந்துவிடும் என்றாய். நானும் வேலியைத் தாண்டியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன், திரும்பும்போது முகம் சிவந்து கண் பிதுங்கியிருக்கும், பக்கத்து வீட்டு டாக்டர் இரண்டு முறை கையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டார். விளக்கு எரியவில்லைதான், உன்னை எதற்குக் கலவரப்படுத்துவது என்று "பச்சையா ஜோரா எரியுது" என்றே சொல்லி வந்தேன், அது போகட்டும், விஷயம் அதுவல்ல. வெயில் ஏற ஏற மரமெல்லாம் இலையைச் சுருட்டிக்கொண்டது, பெட்டியைச் சுற்றி மண் பாளம் பாளமாக வெடித்தது, தொண்டை வறண்டு கிடப்பவனைப் பிடித்து ஊது ஊது என்றால் என்ன நியாயம், மனசு கேட்கவில்லை, தினமும் காலையில் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன்.

பிறகுதான் நீ விட்டுப்போன கட்டுரையை எடுத்துப் படித்தேன். ஒற்றுப்பிழை நாற்பத்தொன்று, சிவப்பு மையில் சுழித்திருக்கிறேன். மரம் வெளிச்சத்தில் கரியமில வாயுவை உள்ளே இழுத்து உடம்பாக்கிக்கொள்கிறது. வேரும் மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்களும் அதைத் திரும்ப வெளியே விடுகின்றன. வறட்சியில் இரண்டுமே அடங்கிப்போகும். காய்ந்த மண்ணில் ஈரம் பட்டால் அந்தக் குட்டி உயிர்கள் விழித்துக்கொண்டு மூச்சாய் விட்டுத் தள்ளும் என்று பன்னிரண்டாம் பக்கத்தில் நீயே எழுதியிருக்கிறாய். பேனா கையிலிருந்து விழுந்துவிட்டது. காடு புதிதாக ஒன்றும் செய்யவில்லை, கண்ணு. உன் அப்பன் வாளியோடு போனான், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் பேராசிரியர்கள் முன்னால் நின்று இதை நீ சொல்லப்போகிறாய். முப்பத்திரண்டு வருஷம் அச்சகத்தில் அடுத்தவர் பிழையைத் திருத்தியவன், பெற்ற பெண்ணின் ஆராய்ச்சியில் வாளி வாளியாகப் பிழை ஊற்றியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. அந்த எண்களையெல்லாம் அடித்துவிடு. கோபம் வந்தால் திட்டு, ஆனால் சாப்பிட்டுவிட்டுத் திட்டு. சபையில் உன் குரல் நடுங்காமல் இருக்கட்டும், நினைத்தது நினைத்தபடி முடியட்டும்.

பிழையும் பாசமுமாக,
அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது அம்மா இதை வாங்கிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "நீங்க ஊத்துனது போன வருஷம் ரிப்பேராகி அவ விட்டுட்டுப் போன பழைய பெட்டிங்க. புதுசு பாறைக்கு அந்தப் பக்கம் இருக்கு. அவ அத வைக்கும்போது நீங்க குறட்டை விட்டுட்டிருந்தீங்க." ஆகவே மேலே கண்ட அனைத்தையும் அடித்துவிட்டு வாசிக்கவும், காடு நிஜமாகவே மூச்சு விட்டிருக்கிறது என்று நான் துள்ளிக் குதித்தேன். குதித்து முடித்த பிறகு, "அந்த இடம் உனக்கெப்படி இவ்வளவு நன்றாகத் தெரியும்?" என்று அம்மாவிடம் கேட்டேன். "தெரியாம என்ன? பாவம், காஞ்சு கெடக்கேன்னு தினமும் சாயங்காலம் நான்தானே தண்ணி ஊத்துறேன்" என்கிறாள். ஆனால் ஒன்று: தேதி, மணி, எத்தனை குடம் எல்லாவற்றையும் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறாள். வறண்ட மண்ணுக்கு அளந்து தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும், அதற்கு ஆள் இல்லை என்று கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் புலம்பியிருந்தாயே, ஆள் கிடைத்தாயிற்று. காலண்டர் தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். சரிபார்த்துவிட்டேன், ஒரு பிழைகூட இல்லை.