ஏழு வளைவும் ஒரு எல் போர்டும்

ஒரே ஒரு மாவட்டத்திலே ஒரே ஒரு வளைவு ரோடு இருந்ததாம். ராஜா கதையாக இருந்தால் இந்த இடத்தில் ராஜாவுக்கு ஏழு பிள்ளைகள் என்று வரும். இது புதுக்கோட்டை ஜில்லாக் கதை. ராஜா கிடையாது, ஏழு வளைவு மட்டும் உண்டு.

நம்ம பக்கத்து ரோடெல்லாம் எப்படி என்று உங்களுக்கே தெரியும். இங்கிட்டுக் கருவேலம், அங்கிட்டுக் கருவேலம், நடுவில் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி தார். ஹேண்டில்பாரைக் கயிற்றால் கட்டிவிட்டுத் தூங்கினால்கூட ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். குளத்தூரிலிருந்து ஆவாரங்குடிப்பட்டிக்குப் போகிற ரோடு மட்டும் அப்படி இல்லை. அந்த வளைவுகளை எந்த இன்ஜினியரும் ஆசைப்பட்டுப் போடவில்லை. ரோடு போட்ட காலத்தில் குறுக்கே கண்மாய் மடை வந்தது, ஒதுங்கினார்கள். அய்யனார் குதிரைகள் வந்தன, செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கினார்கள். அப்போதைய சேர்மனுடைய மச்சானின் தென்னந்தோப்பு வந்தது, இன்னும் பயபக்தியோடு ஒதுங்கினார்கள். ரோடு பாதியில் இருக்கும்போது சேர்மன் மாறினார். புதுச் சேர்மனுக்கும் மச்சான் இருந்தார். இப்படியாக இயற்கையும் தெய்வமும் மச்சான்களும் சேர்ந்து வரைந்த ரோடு அது.

அந்த ரோட்டின் மேல் உயிரையே வைத்திருந்தவன் ஜெரால்டு. குளத்தூர் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து, ஜனங்களுக்கு மனு டைப் அடித்துக் கொடுக்கிற பையன். வாரம் முழுக்க 'மேற்படி', 'மேலான கவனத்திற்கு', 'பணிவன்புடன்' என்று நேர்கோட்டில் அடித்து அடித்து விரல் தேய்ந்து போகும். நடுநடுவே சர்வர் படுத்துக்கொள்ளும். அந்த வாரத்தையெல்லாம் அவன் பொறுத்துக்கொண்டது ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான். சர்ச்சில் முதல் பூசை முடிந்த கையோடு பைக்கை எடுத்தான் என்றால், ஏழு வளைவிலும் இந்தப் பக்கம் சாய்ந்து அந்தப் பக்கம் நிமிர்ந்து வருகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அவனுக்கு வாரம். மற்றதெல்லாம் காத்திருப்பு.

தனியாகப் போனால் போதாது என்று 'வளைவு வேந்தர்கள்' என்று ஒரு சங்கமும் வைத்திருந்தார்கள். லடாக் குளிருக்கென்று தைத்த ஜாக்கெட்டைச் சித்திரை வெயிலில் போட்டுக்கொண்டு, முழங்காலுக்குக் கவசம், கைக்கு உறை, ஹெல்மெட் மேலே கேமரா என்று வேந்தர்கள் கிளம்புவார்கள். வண்டி முழுக்க இமயமலை ஸ்டிக்கர். விராலிமலைக்கு அப்பால் போனவர் சங்கத்தில் யாரும் இல்லை. சிமெண்டுக் கடைச் சந்தனம்தான் ஜெரால்டுக்கு நெருங்கிய சிநேகிதன். மூன்றாவது வளைவில் தன் முழங்கால் தாரில் உரசியது என்று அவன் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தான். கேமராவில் போட்டுப் பார்த்தபோது உரசியது தண்ணீர் பாட்டில் என்று தெரிந்தது. வேந்தர்கள் பெருந்தன்மையோடு அதை முழங்கால் என்றே வைத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு அலங்காரத்தோடு முதல் வளைவுக்கு வந்தால், முன்னால் ஒரு வெள்ளைக் கார் நிற்கும். நிற்கவில்லை, போய்க்கொண்டிருக்கிறது என்பது உற்றுப் பார்த்தால்தான் தெரியும். பின்னால் சிவப்பில் எல் போர்டு. பிரகதீஸ்வரி டிரைவிங் ஸ்கூல் கார் அது. ஸ்டீயரிங்கில் மளிகைக்கடை உண்ணாமலையம்மா, பக்கத்தில் சொல்லிக்கொடுக்கிற பிரகதீஸ்வரி. உண்ணாமலையம்மா ஒவ்வொரு வளைவையும், உள்ளே பாம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நுழைகிற மாதிரி நுழைவார். ஆடுகள் காரை முந்திப் போய், திரும்பி நின்று பார்க்கும்.

முந்தவும் வழியில்லை. ஒரு பக்கம் கண்மாய், ஒரு பக்கம் முள். நாலாவது வளைவிலோ அய்யனார் இருக்கிறார். அங்கே மண் குதிரைகள் நிற்கிற வரைக்கும் யாரும் யாரையும் முந்தக்கூடாது, ஹாரன் அடிக்கக்கூடாது. அய்யனார் முன்னால் குதிரையில் போய்க்கொண்டிருக்கிறார் என்று கணக்கு. பஸ்கூட அங்கே வாயைப் பொத்திக்கொண்டுதான் போகும். பூசை பார்த்துவிட்டு வருகிற ஜெரால்டும் அங்கே ஹாரனிலிருந்து கையை எடுத்துவிடுவான். கடவுள் விஷயத்தில் அவன் யாரையும் பகைத்துக்கொள்வதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அய்யனார் வளைவில் உண்ணாமலையம்மாவின் கார் அணைந்து போய், மறுபடி கிளம்பி, மறுபடி அணைந்தது. ஜாக்கெட்டுக்குள் வேந்தர்கள் வெந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் ஜெரால்டுக்கு அந்த யோசனை வந்தது. ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறவன், தனக்கு ஒன்று எழுதிக்கொண்டால் என்ன?

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுத்தான். மேற்படி பயிற்சி வாகனமானது அளவுக்கு மீறிய மெதுவான வேகத்தில் ஊர்ந்து, பொதுமக்களது ஞாயிற்றுக்கிழமையைக் கடுமையாகப் பாதித்து வருவதைத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவன்புடன் கொண்டுவருவதாக எழுதியிருந்தான். அவன் இதுவரை அடித்த மனுக்களில் அதுதான் நெஞ்சிலிருந்து வந்தது.

மனு ஊர்வலம் போனது. வேகமாகப் போனால்தான் பிடிப்போம், மெதுவாகப் போகிறவரைப் பிடிக்க எங்களிடம் வழியில்லை என்றது ஒரு ஆபீஸ். டிரைவிங் ஸ்கூலுக்கு லைசென்ஸ் சரியாக இருக்கிறது, கற்றுக்கொள்கிறவர் மெதுவாகத்தானே போவார் என்றது இன்னொன்று. கடைசியில் மனு சாலை ஒழுங்கமைப்புப் பிரிவுக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பிரிவின் உதவிப் பொறியாளர் ஆனந்தராஜ் நல்ல மனிதர், சுறுசுறுப்பானவர். வந்த மனுவைத் தீர்க்காமல் விட்டதில்லை என்று பெயர் எடுத்தவர். ஒரு ஜீப்பில் வந்து இறங்கினார். வளைவு வளைவாக நடந்தார். ரோட்டில் வெள்ளைச் சுண்ணாம்பில் ஒரு நேர்கோடு போடச் சொன்னார்.

ஜெரால்டு ஓடி வந்து, கோடு எதற்கு சார் என்று கேட்டான்.

"ஒங்க மனு மேல நடவடிக்கை தம்பி. மெதுவாப் போற காரை ஏன் முந்த முடியலை? வளைவு இருக்கு. வளைவை எடுத்துட்டா முந்தலாம்ல?"

"சார், எங்களுக்கு வளைவு வேணும். மெதுவாப் போற காருதான் வேணாம்."

"காரு எங்க பிரிவுல வராது. வளைவுதான் எங்க பிரிவு" என்றார் ஆனந்தராஜ், ரொம்ப அன்பாக.

ஜெரால்டு கணக்குப் போட்டுப் பார்த்தான். வளைவு போனால் ஞாயிற்றுக்கிழமை போச்சு. ஞாயிற்றுக்கிழமை போனால் மிச்சம் இருப்பது சர்வர். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றான். நம்பர் போட்ட மனுவை வாபஸ் வாங்க முடியாதென்றும், தீர்த்து வைக்கத்தான் முடியுமென்றும் அவர் விளக்கினார். மனுதாரர் வேண்டாம் என்று சொல்வதும், நன்றி சொல்லக் கூச்சப்படுவதும் அவர் பார்க்காததல்ல. அய்யனாரை என்ன செய்வீர்கள் என்று ஜெரால்டு கடைசியாகக் கேட்டான். அய்யனாருக்கு மட்டும் ஒரு வளைவு விடப்படும், அவருக்கு மச்சான் பலம் தேவையில்லை என்றார்.

போகும்போது, பையன் முகம் வாடிப் போனதைப் பார்த்து, ஜீப்பிலிருந்து தலையை நீட்டினார்.

"வளைவுனால பொதுமக்களுக்கு ஏதாச்சும் உபயோகம் இருக்குன்னு காட்டுங்க, நிறுத்திரலாம்."

"மனசுக்கு நல்லாருக்கு சார்."

"அப்படி ஒரு தலைப்பு எங்ககிட்ட இல்லை தம்பி."

அன்றைக்குச் சாயங்காலம் சந்தனத்தோடு உட்கார்ந்து யோசித்தான். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும், அந்த வளைவுகளைக் கவர்ன்மெண்ட் ஒத்துக்கொள்கிற மாதிரி உபயோகிக்கிற ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். "மாப்ள, அந்த அக்கா கால்லதான் விழணும்" என்றான் சந்தனம்.

பிரகதீஸ்வரி, டிரைவிங் ஸ்கூலில் தனியாக உட்கார்ந்து எல் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெரால்டு தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். வளைவு இல்லாமல் பயிற்சி கொடுக்க முடியாதென்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றான்.

"ஹாரன் அடிச்சு அடிச்சு எங்க உண்ணாமலையம்மாளுக்குக் கை நடுக்கம் வர வச்சது நீதானே?" என்றார் பிரகதீஸ்வரி.

"ஆமாங்க்கா."

"எம்மேல மனுக் குடுத்ததும் நீதானே?"

"ஆமாங்க்கா. டைப் அடிச்சதும் நான்தான்."

அவர் போர்டைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று ஜெரால்டு தலையைக் குனிந்துகொண்டான். அவர் வேறு ஒன்று கேட்டார்: வெள்ளென, ஆள் நடமாட்டம் வருவதற்கு முன்னால், அந்த ரோட்டில் ஒரு வெள்ளைக் கார் ஏழு வளைவையும் ஒரே மூச்சில் எடுத்துப் போகுமே, பார்த்திருக்கிறாயா? ஜெரால்டு பார்த்திருக்கிறான். யாரோ மந்திரி வீட்டு டிரைவர் என்று நினைத்து, அந்தக் கைப்பதத்தைப் பற்றிச் சங்கத்தில் ஒரு வாரம் பேசியிருக்கிறான்.

"எல் போர்டைக் கழட்டி டிக்கியில போட்டுட்டுத்தான் போவேன்" என்றார் பிரகதீஸ்வரி. "பொழுதன்னைக்கும் பிரேக் மேல கால வச்சுக்கிட்டே ஒக்காந்திருக்கேன்ல. எனக்கும் ஒரு பத்து நிமிசம் வேணும்."

அப்புறம் என்ன, பகை போன இடம் தெரியவில்லை. வளைவுகள் பயிற்சிக்கு உயிர்நாடி என்று பிரகதீஸ்வரி சொன்னார், ஜெரால்டு அதை நாலு மடங்கு உருக்கமாக டைப் அடித்தான். ஆனந்தராஜ் மகிழ்ந்து போனார். பயிற்சி என்பது தலைப்பில் இருந்தது. ஆனால் பெரிய அதிகாரி நேரில் பார்க்க வருவார், பயிற்சி பெறுவோர் கணிசமாக இருக்க வேண்டும் என்றார்.

டிரைவிங் ஸ்கூலில் அப்போது இருந்த கணிசம் உண்ணாமலையம்மா ஒருவர்தான். ஆகவே வளைவு வேந்தர்கள் அத்தனை பேரும் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, விபூதி பூசிக்கொண்டு, கற்றுக்கொள்ள வந்தவர்களாக வரிசையில் நின்றார்கள். பெரிய அதிகாரி சந்தனத்திடம் கிளட்ச் எது என்று கேட்டார். பத்து வருஷமாக வண்டி ஓட்டுகிற சந்தனம் நன்றாக யோசித்து, இண்டிகேட்டரைத் தொட்டுக் காட்டினான். பாவம், இவர்களுக்கு இந்த ரோடு அவசியம் தேவை என்று பெரிய அதிகாரி மனம் இளகிவிட்டார்.

வளைவுகள் பிழைத்தன. ஏழும் அப்படியே இருக்கும் என்று உத்தரவு வந்தது. அன்றைக்கு ஜெரால்டு அய்யனாருக்கு ஒரு மாலையும், சர்ச் வாசல் மாதா கெபிக்கு ஒரு மெழுகுவர்த்தியும் வைத்தான்.

உத்தரவின் மறுபக்கத்தை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. மேற்படி சாலை இனி அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிச் சாலை. எல் போர்டு இல்லாத வாகனம் நுழையக்கூடாது. வேகம் இருபதைத் தாண்டக்கூடாது. பயிற்சி பெறுபவர் எவராயினும் அருகில் பயிற்றுநர் அமர்ந்திருக்க வேண்டும். இரு சக்கர வாகனம் எனில், பின்னால்.

அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதல் வளைவுக்கு முன்னால் வேந்தர்கள் வண்டியோடு வரிசையில் நிற்கிறார்கள். எல்லா வண்டியிலும் இமயமலைக்குப் பக்கத்தில் சிவப்பு எல். பயிற்றுநர் ஒருவர்தானே? பிரகதீஸ்வரி ஒருவன் பின்னால் குடையை விரித்து உட்கார்ந்து போய், நடந்து திரும்பி வந்து, அடுத்தவன் பின்னால் ஏறுவார். ஜெரால்டு முறை வந்தது. ஆசையாகக் கொஞ்சம் சாய்ந்தான். "நிமிந்து ஒக்காரு, குடை சாயுது" என்று தோளில் ஒரு தட்டு விழுந்தது. வெள்ளென அவர் காரை எடுத்துப் போகிறதும் நின்றது. ரோட்டு வாசலில் காவலுக்கு ஆள் போட்டிருந்தார்கள். டிக்கியில் கிடக்கிற எல் போர்டு செல்லாது என்றார் காவல்காரர்.

திறப்பு விழாவுக்குப் பெரிய அதிகாரி வந்தார். ரிப்பன் வெட்டினார். ஆவாரங்குடிப்பட்டிப் பக்கம் அவருக்கு டீயும் மெதுவடையும் ஏற்பாடாகியிருந்தது. ஜீப்பைக் கிளப்பச் சொன்னபோது, ஆனந்தராஜ் அவர் காதருகில் குனிந்து, டிரைவர் அய்யாக்கண்ணுவிடம் முழு லைசென்ஸ் இருக்கிறது, அவர் எதையும் கற்றுக்கொள்ளவில்லை, ஆகவே நுழைய முடியாது என்று வருத்தத்தோடு தெரிவித்தார். விதி எல்லோருக்கும் பொது என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் மைக்கில் பேசியிருந்தார் பெரிய அதிகாரி. வேறு வழியில்லாமல் நடந்தார். அவர் நடந்ததால் ஆனந்தராஜ் நடந்தார், அவர் நடந்ததால் எல்லோரும் ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். அய்யனார் வளைவு வந்ததும், மண் குதிரைகளோடு போட்டோ எடுக்க நின்றார்கள். ஒருத்தர் மாற்றி ஒருத்தராக நின்றார்கள்.

அவர்களுக்குப் பின்னால் ஒரு கார் வந்து நின்றது. பக்கத்து சீட் காலி; விழாக் கூட்டத்தில் காவல்காரர் அதைக் கவனிக்கவில்லை. உண்ணாமலையம்மா. இத்தனை மாசத்தில் அவருக்குக் கை நடுக்கம் போய், கார் அணைவது நின்று, அன்றைக்குத்தான் முதல்முதலாக விதி அனுமதித்த இருபதைத் தொட்டிருந்தார். முந்த வழியில்லை. அய்யனார் முன்னால் ஹாரனும் அடிக்கக்கூடாது. ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போட்டார். பெருமூச்சு விட்டார். கண்ணாடியை இறக்கி, பிரகதீஸ்வரியையும் குடையையும் பின்னால் வைத்துக்கொண்டு பைக்கில் நின்ற ஜெரால்டைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, நீதானே மனு டைப் அடிச்சுத் தர்றவன்?"

"ஆமாங்க ஆத்தா. எதுக்கு?"

"முன்னாடி போறவங்க இம்புட்டு மெதுவாப் போனா, மனுசி வளைவ எப்ப எடுக்கறது? திங்கக்கெழம வாரேன், ஒண்ணு அடிச்சுக் குடு."

பிரகதீஸ்வரி குடையை மடக்கிக்கொண்டு இறங்கி, அடுத்தவன் காத்திருப்பான் என்று குளத்தூர்ப் பக்கம் திரும்பி நடந்தார். போட்டோ முடிந்து அதிகாரிகள் வடையைப் பார்த்து நடந்தார்கள். பின்னால் பயிற்றுநர் இல்லாத ஜெரால்டு பைக்கை ஓரம் கட்டி, எல் போர்டைக் கழற்றி, ஒரு மண் குதிரையின் கழுத்தில் மாட்டினான். அய்யனார் எப்படியும் இருபதைத் தாண்டுகிறவர் இல்லை. அப்புறம் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவனும் நடந்து போனான்.