செகண்ட் கியர் மேடமும் ஆர்.பி.எம். மீட்டரும்

காரை ஸ்டார்ட் பண்ணியே ஒரு தெருவை எழுப்பிவிடக்கூடியவர் தஞ்சாவூரில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஹாஸ்டல் வார்டன். பால்காரருக்கு ஹார்ன் வேண்டும், காய்கறி வண்டிக்காரருக்கு மைக் வேண்டும். மேடத்துக்கு எதுவும் வேண்டாம், செகண்ட் கியர் போதும். மெடிக்கல் காலேஜ் ரோட்டில் அவர் திரும்பும்போதே எங்கள் முனை டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவ ஆரம்பித்துவிடுவார். கார் வந்து நிற்கும்போது டீ ஆற்றி முடித்திருப்பார்.

தேர்ட் கியர் என்று ஒன்று இருப்பது மேடத்துக்குத் தெரியும். எப்போது போடுவது என்பதுதான் தெரியாது. மற்றவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்டு கியரை மாற்றுவார்கள். மேடத்துக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இன்ஜின் தொண்டை கிழியக் கத்தினாலும் விழாத நிலைக்கு வந்திருந்தது. காது மெஷின் இருந்தது. அதைக் காருக்குள் மாட்டினால் காற்று இரைகிற சத்தம் மட்டும்தான் கேட்கிறது என்று டிராயரில் போட்டுவிட்டார். கண்தான் அவருக்குக் காது. வாயசைவை வைத்தே எல்லாவற்றையும் படித்துவிடுவார். நாங்கள் சாப்பாட்டுக்கூடத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கிசுகிசுத்தால் முதல் பெஞ்சிலிருந்து பதில் வரும்:

"சாம்பார்ல உப்பு இல்லன்னு அங்க உக்காந்து முணுமுணுக்காதடி. இங்க வந்து சொல்லு!"

டாக்டர் பார்த்து, சர்டிபிகேட் கொடுத்து, லைசன்ஸ் புதுப்பித்துத்தான் ஓட்டினார். நாங்கள் வேலைக்குப் போகிற பெண்கள். யாருக்காவது காய்ச்சல் என்றால் மேடத்தின் கார்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். இன்டர்வியூவுக்கு வெளியூர் போகிறவளை பஸ் ஸ்டாண்டில் இறக்குவதும் அதே கார்தான். "அந்த ஹாஸ்டல்ல கார் இருக்கு" என்பதற்காகவே மகள்களைக் கொண்டுவந்து சேர்த்த பெற்றோர்கள் உண்டு. என் அப்பாவும் அப்படித்தான் சேர்த்தார்.

அந்தக் கார் ஒருநாள் ஒரத்தநாடு ரோட்டில் ஆவி விட்டு நின்றது. முன் சீட்டில் நான். மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்தார்.

"மேடம், இவ்ளோ தூரமும் செகண்ட்லயேவா வந்தீங்க? இன்ஜின் கத்துறது காதுல விழலையா?"

"விழல" என்றார் மேடம். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மெக்கானிக் சங்கடப்பட்டுத் தலையைச் சொறிந்தார். மேடம் விடவில்லை. "அது கத்துறது கண்ணுக்குத் தெரியுற மாதிரி ஏதாவது இருக்கா?"

"ஆர்.பி.எம். மீட்டர் போடலாம் மேடம். இன்ஜின் எவ்ளோ வேகமா சுத்துதுன்னு முள்ளு காட்டும். புது காருங்கள்ல கம்பெனிலயே வரும். உங்க வண்டிக்குத் தனியா வாங்கி மாட்டணும்."

விஷயம் அதற்குள் பேராவூரணிக்குப் போய்விட்டது. மேடத்தின் அண்ணன் மகன் அங்கே தேங்காய் வியாபாரம் செய்கிறவர். மறுநாளே வந்து நின்றார்.

"அத்தை, இனிமே நீங்க ஓட்ட வேணாம். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஊர்ல என்னையத்தான் கேப்பாங்க. பட்டுக்கோட்டையில ஒரு பார்ட்டி பாத்திருக்கேன். வண்டியைக் குடுத்துடலாம்."

"என்ன சொன்ன?"

அவர் மறுபடி சொன்னார். மேடம் மறுபடி, "என்ன சொன்ன?" என்றார். கடைசி பெஞ்சு உப்பைப் படித்த கண்ணுக்கு எதிரே நிற்கிற மருமகன் வாய் தெரியவில்லையாம்! மூன்றாவது தடவை அவர் சத்தம் போட்டுச் சொன்ன பிறகுதான் பதில் வந்தது.

"சரி, அடுத்த ஞாயித்துக்கிழமை வா. பட்டுக்கோட்டைக்கு நானே ஓட்டிட்டு வர்றேன். நீயும் வண்டியில உக்காரு. எறங்குன பிறகும் விக்கணும்னு தோணுச்சுன்னா வித்துக்க."

அன்று சாயங்காலமே மேடமும் நானும் கீழவாசல் பக்கம் ஒரு கார் சாமான் கடையில் இருந்தோம். கடைக்காரர், "பேரப்பிள்ளைக்கா மேடம்?" என்றார்.

"எனக்குத்தான்."

கடைக்காரர் முதலில் எடுத்தது ஊதா வெளிச்சம் அடிக்கிற மீட்டர். ராத்திரியில் டிஸ்கோ மாதிரி மின்னும் என்றார். "நான் கியர் மாத்தணுமா, ஆடணுமா?" என்று தள்ளி வைத்தார் மேடம். அடுத்தது வெறும் எண்கள் ஓடுவது. "இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள மாறிடுதேப்பா. ரோட்டைப் பாக்குறதா, இதைப் படிக்கிறதா? முள்ளு இருக்கணும். ஓரக்கண்ணால பாத்தாலே எங்க நிக்குதுன்னு தெரியணும்." கடைக்காரர் உற்சாகமாக மூன்றாவதை எடுத்தார்.

"இதைப் பாருங்க மேடம், சூப்பர் மாடல்! அளவைத் தாண்டுனா பீப் பீப்புன்னு கத்தும்!"

"அந்த பீப் கேக்குற காது இருந்தா நான் ஏம்ப்பா உன் கடைக்கு வர்றேன்?"

கடைக்காரர் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். நான்காவதில் மேடத்தின் கண் நின்றது. கறுப்பு முகம், பெரிய வெள்ளை எண்கள், ஒரே முள். நாம் குறித்து வைக்கிற அளவைத் தொட்டால் ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். நாலு, ஆறு, எட்டு சிலிண்டர் எதுவானாலும் சரி, பின்பக்கம் சுவிட்ச் இருக்கிறது என்றார் கடைக்காரர்.

அடுத்த பிரச்சினை, அதை எங்கே பொருத்துவது. மேடம் ஹாஸ்டல் சமையலறையிலிருந்து மீட்டர் அளவுக்கு ஓர் அப்பளத்தை எடுத்துவந்து டேஷ்போர்டில் டேப் போட்டு ஒட்டினார். நடுவில் வைத்து ஒரு ரவுண்டு போனார். கண் ரோட்டை விட்டு விலகுகிறது என்று கழற்றினார். இடது ஓரத்தில் வைத்தார், கழுத்து திரும்புகிறது. ஸ்டியரிங்குக்கு நேர் மேலே, கொஞ்சம் வலது பக்கம் தள்ளி வைத்தபோதுதான் திருப்தி. சிக்னலில் நின்ற போலீஸ்காரர் எட்டிப் பார்த்து, "என்னம்மா இது, அப்பளமா?" என்றார்.

"மீட்டர் வரப்போற எடம் சார்" என்றார் மேடம். போலீஸ்காரர் யோசித்துவிட்டு, போங்க என்று கையை ஆட்டினார்.

மெக்கானிக் மாட்டும்போது மேடம் பக்கத்தை விட்டு நகரவில்லை. சிவப்பு வயர், சாவி போட்டால் கரண்ட் வருகிற இடத்துக்கு. கறுப்பு, காரின் பாடிக்கு. வெள்ளை, விளக்குக்கு. பச்சை, இன்ஜினுக்குப் பொறி கொடுக்கிற இக்னிஷன் காயிலுக்கு. ஒவ்வொன்றையும் ஏன் என்று கேட்டுத்தான் விட்டார். வயரைத் திருகி டேப் சுற்றப் போனவரின் கையைத் தட்டி ஈயம் பற்றவைக்கச் சொன்னார். பச்சை வயர் இன்ஜின் பக்கம் போகிற ஓட்டையில் தகடு வயரை அறுத்துவிடாமல் இருக்க ரப்பர் வளையம் போட வைத்தார். "சும்மா நிக்கிறப்ப எண்ணூறு காட்டும் மேடம். ஓடுறப்ப மூவாயிரத்துல செவப்பு லைட் எரியும், கியரை மாத்துங்க" என்று சொல்லி அனுப்பினார் மெக்கானிக்.

அன்று மேடம் ஓட்டினார் பாருங்கள், தெருவே நடுங்கியது! முன்பு கத்திய இன்ஜின் இப்போது ஊளையிட்டது. சிவப்பு விளக்கு எரியவே மாட்டேன் என்றது. மாடியில் நாங்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டோம். டீக்கடைக்காரர் ஓடிவந்தார்.

"மேடம், முன்னைக்கு இப்ப ஜாஸ்தியா கத்துது!"

"ரெண்டாயிரத்தைத் தாண்டலப்பா. மீட்டர் காட்டுது. நீ மொதல்ல உன் காதை டாக்டர்கிட்ட காட்டு."

அவர் காதைத் தடவிக்கொண்டே போனார். மேடம், கீழே இறங்கி வந்திருந்த என் முகத்தைப் பார்த்தார். என் காதில் பஞ்சு அப்படியே இருந்தது. இன்ஜினை மட்டும் ஓடவிட்டு, உள்ளங்கையை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு முள்ளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நேராக மெக்கானிக்கிடம் விட்டார்.

"சும்மா நிக்கிறப்ப எண்ணூறுன்னு உன் வாய் சொல்லுச்சு. நானூறு காட்டுது. நானூறுல இன்ஜின் நின்னுருக்கணும், நிக்கல. கையில அதிருது. அப்ப மீட்டர் பாதிதான் சொல்லுது."

மெக்கானிக் கழற்றிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "சுவிட்ச் எட்டு சிலிண்டர்ல இருக்கு மேடம். நம்ம வண்டிக்கு நாலுல வைக்கணும், மறந்துட்டேன்."

திரும்பி வந்ததும் மேடம் ஹாஸ்டலுக்குள்கூடப் போகவில்லை. முதலில் டீக்கடைக்குப் போனார். "உன் காது நல்லாத்தான் இருக்கு. நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றார். டீக்கடைக்காரர் உடனே அவருக்கு ஒரு டீ போட்டார்.

அந்த வாரம் முழுவதும் புது ஆறு என்கிற கால்வாயின் கரை ரோட்டில் பழகினார். மூன்றாவது கியர் வந்தது. நான்காவது வந்தது. ஐந்தாவது விழுந்த அன்று ஹாஸ்டலில் எல்லோருக்கும் கேசரி.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்தார். பின் சீட்டில் உட்கார்ந்து, மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒரத்தநாடு தாண்டி, பாதி ரோட்டை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். மேடம் கியரைக் குறைத்து, முள்ளைப் பார்த்து, ஒரு நெல்லைக்கூட மிதிக்காமல் ஊர்ந்து போனார். மேட்டில் தேங்காய் லாரி ஒன்று முக்கிக்கொண்டிருந்தது. எதிரே யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு ஒரு கியர் இறக்கினார். முள் ஏறியது, கார் லாரியைத் தாண்டியது. விளக்கு எரிந்ததும் அடுத்த கியர். அதற்குப் பிறகு பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பயந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

பட்டுக்கோட்டையில் நிறுத்தி எழுப்ப வேண்டியிருந்தது. காரை வாங்க வந்தவர் டயரைத் தட்டிப் பார்த்தார். மருமகன் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "இல்லண்ணே, வண்டி குடுக்குறதா இல்ல. எங்க அத்தை ஓட்டிக்கிட்டு வந்தாங்க, நான் தூங்கிட்டேன்" என்றார். அவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு தெரியாது.

திரும்பும் வழியில் மேடம் கேட்டார். "உண்மையைச் சொல்லு. இப்ப எப்படிக் கேக்குது?"

நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். "ஓடுற சத்தமே தெரியல மேடம்."

"அப்படியா?" என்று சிரித்தார். "இவ்ளோ நாளா எனக்கு மட்டும்தான் கேக்கலன்னு நெனச்சேன்."

இப்போது எனக்கு வேலை மன்னார்குடியில். தஞ்சாவூர் வருகிறேன் என்று ஒரு மெசேஜ் போட்டால் மேடம் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிடுவார். காத்திருக்கும்போது ஆட்டோக்காரர்கள் கூப்பிடுவார்கள். "வேண்டாங்க, எங்க மேடம் கார் எடுத்துட்டு வராங்க" என்பேன். அவர்கள் கேட்காவிட்டாலும் ஒரு தடவை சொல்லிக்கொள்வேன்.