அறுபது மில்லித் தீர்மானம்

மனிதனை மிருகங்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது சிரிப்பு என்பார் சிலர். நெருப்பு என்பார் சிலர். இரண்டும் பிழை. மனிதனின் தனிச்சிறப்பு கூட்டக் குறிப்பு. யானைகள் கூடுகின்றன, காக்கைகளும் கூடுகின்றன. ஆனால் கலைந்து போகுமுன் ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைப்பவன் மனிதன் ஒருவனே. அந்த மனிதருள் மாணிக்கம் ஒருவன் மலேசியாவின் மூவாரில் இருந்தான். அவன் பெயர் வசந்தன்.

சபாபதி மரத்தளவாடத் தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகளாகக் குறிப்பெடுப்பவன் அவன். முதலாளி மேஜையைக் குத்திக் கத்தினால் ‘கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது’ என்று எழுதுவான். யாராவது கோபித்துக்கொண்டு எழுந்து போனால் ‘சுருக்கமாக உரையாற்றினார்’ என்று எழுதுவான். ‘வராதோர்’ என்ற தலைப்பின் கீழ் பதினோரு ஆண்டுகளாக ஒரே சொல்தான்: ‘யாருமில்லை’. வராதவர்களையும் வந்தவர்களாக்கிவிடும் பெருந்தன்மை அவனுக்குப் பிறவியிலேயே அமைந்திருந்தது. அவனுடைய குறிப்பில் இதுவரை ஒரு திருத்தம்கூட நேர்ந்ததில்லை.

இத்தகைய தொண்டுக்குப் பரிசு இல்லாமல் போகுமா? அவனுக்கு ஒரு பெயர்ப்பலகை செதுக்கப்பட்டு வந்தது. ‘வசந்தன், உதவி மே’ என்பது வரைக்கும் முடிந்துவிட்டது. மீதி எழுத்துகள் முதலாளியின் மனநிலையைப் பொறுத்தவை. பலகை அவருடைய மேஜை இழுப்பறைக்குள் காத்திருந்தது.

வீட்டிலும் ஒரு காத்திருப்பு. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து மனைவி பிரவீனாவுக்கு இது ஐந்தாம் மாதம். முதல் குழந்தை. வசந்தன் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. பொந்தியானிலிருந்து மாமியார் அனுப்பிய அன்னாசிப் பழங்களை வாசற்படி தாண்டவிடாமல் அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தான். பப்பாளி விற்கும் கடைப்பக்கம் காரை ஓட்டுவதைக்கூட நிறுத்திவிட்டான்.

“கார் கண்ணாடி சாத்தித்தானேங்க இருக்கு,” என்றாள் பிரவீனா.

“வாசம் வரும்லா,” என்றான் வசந்தன்.

அப்படிப்பட்ட தகப்பன்.

இந்த நிலையில்தான் பிரான்சிலிருந்து மதாம் எலேன் வருவதாகச் செய்தி வந்தது. நாலாயிரம் சாப்பாட்டு நாற்காலிகளுக்கு ஆர்டர் கொடுக்கக்கூடிய அம்மையார் அவர். வியாபாரம் பேசினால் தம் மொழியில்தான் பேசுவார். தொழிற்சாலையில் அந்த மொழி தெரிந்தவள் ஒருத்திதான்: ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்க்கும் பிரவீனா. ஆகவே மதிய விருந்தில் அவள்தான் மொழிபெயர்ப்பாளர்.

முதலாளி சபாபதி வசந்தனை அறைக்குள் அழைத்தார்.

“போன வருசம் அந்த அம்மா குடுத்த வைன் போத்தல் ஞாபகம் இருக்கா? அதைத்தான் திறக்கப் போறோம். அவங்க ஊருல மேஜையில உக்காந்த எல்லாரும் ஒண்ணா கிளாஸ் மோதிக் குடிக்கணுமாம். ஒருத்தர் குடிக்கலைன்னாலும் ராசியில்லைன்னு ஏஜெண்டு சொல்றான்.”

“பாஸ், பிரவீனா மாசமா இருக்கா.”

“தெரியும்லா. அதான் யோசனை. எல்லாரும் வைன் குடிக்கறப்ப அது மட்டும் சிரப் பண்டோங் குடிச்சா, நம்ம நாற்காலி மேல நமக்கே நம்பிக்கை இல்லைன்னு அந்த அம்மா நினைச்சிருவாங்க.”

ரோஜா சிரப் கலந்த பாலுக்கும் நாற்காலிக்கும் உள்ள தொடர்பு வசந்தனுக்குப் பிடிபடவில்லை. ஆனால் இழுப்பறை லேசாகத் திறந்திருந்தது. ‘உதவி மே’ தெரிந்தது.

“ஒரு கமிட்டி போட்டு முடிவு பண்ணலாம் பாஸ்,” என்றான்.

இவ்வாறாகப் பிறந்தது ‘மகப்பேறு மற்றும் ஏற்றுமதி நல்லிணக்கக் குழு’.

தலைவர், சபாபதி. மருத்துவ ஆலோசகர், டாக்டர் அர்ச்சுனன். கணக்குப் பிரிவில் இருக்கும் இவருக்குத் தலைமைத்துவப் பண்புக்காக ஒரு பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்திருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஈமெயில் முகவரி உண்டு, கட்டடம்தான் இல்லை. மகளிர் பிரதிநிதியாக, பெட்டி கட்டும் பகுதியின் மேற்பார்வையாளர் தனலெட்சுமி. செயலாளர், வசந்தன். பிரவீனாவை அழைக்கவில்லை. விவாதிக்கப்படும் பொருள் விவாதத்தில் உட்காருவது முறையல்ல என்று தலைவர் கருதினார்.

போத்தலை மேஜையின் நடுவே வைத்துக் கூட்டம் தொடங்கியது.

“டாக்டர், நீங்க சொல்லுங்க. கொஞ்சமா குடிச்சா என்ன?” என்றார் சபாபதி.

அர்ச்சுனன் கைப்பேசியை எடுத்துக் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். “பத்து கட்டுரை படிச்சேன் பாஸ். ஒன்பது, வேண்டவே வேண்டாங்குது.”

“பத்தாவது?”

“கொஞ்சமா குடிச்சா என்ன ஆகும்னு சரியாத் தெரியலைங்குது.”

“தெரியலைன்னா?”

“ஆபத்துன்னு தெரியலை. ஆபத்துன்னு தெரியலைன்னா என்ன அர்த்தம்? பாதுகாப்பு.”

விஞ்ஞானம் இவ்வளவு எளிமையானதா என்று தலைவர் மகிழ்ந்து போனார். வசந்தன் எழுதினான்: ‘மருத்துவச் சான்றுகள் ஆராயப்பட்டன.’

“நம்ம பிரவீனா அரசாங்க கிளினிக்குல நர்ஸ் மிஸியக் கேட்டுச்சாம்,” என்றார் தனலெட்சுமி. “எவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு யாருக்கும் தெரியாது, அதனால ஒரு சொட்டும் வேணாம்னாங்களாம்.”

“பாத்தீங்களா?” என்றார் அர்ச்சுனன். “யாருக்கும் தெரியாதுன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க.”

‘அரசாங்க மருத்துவமும் இதை உறுதி செய்தது’ என்று வசந்தனின் பேனா ஓடியது.

“திராட்சை ஜூஸ் ஊத்திக் குடுங்க பாஸ். அதே கலருதானே,” என்றார் தனலெட்சுமி.

“தனம், அது ஏமாத்து வேலை,” என்றார் சபாபதி. “நம்ம கம்பெனியில ஏமாத்து வேலை கிடையாது.”

ரப்பர் மரத்துக்கு வால்நட் நிறம் பூசி அனுப்பும் ஒரு நிறுவனத்தில் இப்படியொரு கொள்கைப் பிடிப்பு இருந்தது, நாட்டுக்கே பெருமை.

அடுத்து, ‘கொஞ்சம்’ என்றால் எவ்வளவு என்ற கேள்வி. தொழிற்சாலையில் துல்லியமான அளவுக்கருவி ஒன்றுதான் இருந்தது: வார்னிஷ் அளக்கும் கப். கழுவிக் கொண்டு வந்தார்கள். அறுபது மில்லி என்று முடிவானது. அதில் சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ?

“நாற்காலி காலுல ரெண்டு மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தா ஏத்துக்கறாங்க,” என்றார் அர்ச்சுனன். “பிள்ளைக்கும் அதையே வச்சுக்குவோம்.”

வசந்தனின் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு எழுதியது.

அப்போது தனலெட்சுமி போத்தலை எடுத்துத் திருப்பினார். பின்பக்கத் தாளின் மூலையில் விரல்நகம் அளவில் ஒரு படம். வட்டத்துக்குள் வயிறு பெருத்த ஒரு பெண், கையில் கிளாஸ், குறுக்கே ஒரு கோடு.

“பாஸ், இதைப் பாருங்க. நம்ம பெட்டியில கொக்கி படம் போட்டு குறுக்கே கோடு போடறோம்ல? கொக்கி மாட்டாதேன்னு அர்த்தம். இதுலயும் கோடு இருக்கு.”

போத்தல் கைமாறியது. அர்ச்சுனன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பால்மாவு டின்னுல குழந்தை படம் ஏன் போடறாங்க? குழந்தைக்குன்னு. பூனைத் தீனியில பூனை படம். இதுல மாசமா இருக்கற பொம்பளை படம். அவங்களுக்குன்னே செஞ்சதுலா.”

“அப்ப குறுக்கே கோடு?”

அர்ச்சுனன் இரண்டாம் முறை பார்த்தார். “சீட் பெல்ட்.”

“சீட் பெல்ட்டா?”

“பாதுகாப்பானதுன்னு காட்டறாங்க.”

தனலெட்சுமி வசந்தனைப் பார்த்தார். “தம்பி, பதினெட்டு வருசமா நான் பெட்டிக்குக் குறி போடறேன். இது சீட் பெல்ட்டா?”

வசந்தனும் படத்தைப் பார்த்தான். கோடு அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. அது அந்தப் பெண்ணின் மேல் மட்டும் ஓடவில்லை. கிளாஸையும் சேர்த்து வெட்டிக்கொண்டு வட்டத்தின் விளிம்பு வரைக்கும் போயிற்று. சீட் பெல்ட் கிளாஸைக் கட்டாது. நிமிர்ந்தான். சபாபதி இழுப்பறையை மெல்லத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

வசந்தன் குனிந்து எழுதினான்: ‘திருமதி தனலெட்சுமி பெட்டிகள் குறித்துப் பேசினார். அறுபது மில்லி ஏகமனதாக ஏற்கப்பட்டது. வராதோர்: யாருமில்லை.’

சாயங்காலம் தீர்மானத்தின் நகலைப் பிரவீனாவிடம் கொடுத்தான். அவள் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தாள்.

“தனம் அக்கா பெட்டி பத்தி என்ன பேசினாங்க?”

“பெட்டி பத்திதான்.”

“நீங்க என்ன பேசினீங்க?”

“செகரட்டரி பேசக்கூடாது பிரவீ. அது ரூல்.”

பிரவீனா தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். “சரி, போலாம்,” என்றாள். அவ்வளவுதான். வசந்தனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. விருந்தில் கிளாஸை உதட்டில் வைத்துவிட்டுக் கீழே வைத்துவிடுவாள் என்று தனக்குத் தானே ஒரு தீர்மானம் போட்டு, அதையும் ஏகமனதாக நிறைவேற்றிக்கொண்டான்.

ஆற்றங்கரை உணவகத்தில் மதிய விருந்து. மதாம் எலேன் நரைத்த தலையோடு, கணக்கு டீச்சரைப் போலிருந்தார். வந்ததும் நாற்காலியைக் கவிழ்த்துக் காலைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். வைன் வந்தது. பிரவீனாவுக்கு மட்டும் அர்ச்சுனன் வார்னிஷ் கப்பில் அளந்து ஊற்றினார். அறுபது மில்லி, சொட்டுப் பிசகில்லை.

சபாபதி எழுந்தார். “எங்க கம்பெனி ஒரு குடும்பம் மாதிரி. மொழிபெயர்த்துச் சொல்லும்மா.”

பிரவீனா எழுந்தாள். கைப்பையைத் திறந்து நான்காக மடித்த தாளை எடுத்தாள். வசந்தனுக்குத் தாளின் மேலிருந்த நிறுவன முத்திரை தெரிந்தது.

அவள் வாசிக்கத் தொடங்கினாள். வசந்தனுக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் கை ஜாடை தெரியும். அவள் வார்னிஷ் கப்பைத் தூக்கிக் காட்டினாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி வைத்துக் காட்டினாள். கடைசியில், குறிப்பில் இல்லாததைத் தனலெட்சுமியிடம் கேட்டிருப்பாள் போலும், வலது தோளிலிருந்து இடது இடுப்பு வரைக்கும் கையால் ஒரு கோடு இழுத்தாள்.

சீட் பெல்ட்.

மதாமின் முகம் மரமாயிற்று.

“என் பேச்சு அந்த அம்மா மனசைத் தொட்டிருச்சு, பாத்தீங்களா,” என்று சபாபதி அர்ச்சுனனின் காதில் சொன்னார்.

மதாம் எழுந்து மேஜையைச் சுற்றி வந்தார். பிரவீனாவின் கிளாஸை எடுத்துச் சபாபதியின் முன்னால் வைத்தார். போத்தலைத் திருப்பி அந்தச் சின்னப் படத்தின் மேல் விரலை வைத்து, நிதானமாகப் பேசினார்.

“இந்தப் படம் அவங்க ஊருல சட்டமாம்,” என்றாள் பிரவீனா. “மாசமா இருக்கறவங்க குடிக்கக் கூடாதுன்னு அர்த்தம். கொஞ்சங்கூட. அவங்க ஊரு வைனை அவங்க ஊருக்காரங்களே தர மாட்டாங்களாம். கிளாஸ் மோதறதுக்குத் தண்ணி போதுமாம்.”

“அலமாக், ஐயையோ,” என்றார் அர்ச்சுனன், மருத்துவ ஆலோசகர் என்ற முறையில்.

சபாபதி ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. தலைமைத்துவம் என்றால் அதுதான். அந்தக் கௌரவ டாக்டர் பட்டத்தை ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். “அதேதான் எங்க கமிட்டியும் முடிவு பண்ணிச்சு. குறிப்பெடுத்த ஆளு தப்பா எழுதிட்டாரு. சொல்லும்மா.”

பிரவீனா சொன்னாள். மதாம் அந்தத் தாளை வாங்கி, புரியாத எழுத்துகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இந்தக் கூட்டத்துல குழந்தையோட அப்பா இல்லையான்னு கேக்கறாங்க,” என்றாள் பிரவீனா.

சபாபதியும் அர்ச்சுனனும் வசந்தன் பக்கம் திரும்பினார்கள்.

“இருந்தேன்,” என்றான் வசந்தன். “எழுதிக்கிட்டிருந்தேன்.”

பிரவீனா அதை மொழிபெயர்க்கவில்லை. மதாமின் கையிலிருந்த தாளைத் திரும்ப வாங்கி மேஜையில் விரித்தாள். “பேனா குடுங்க,” என்றாள்.

ஆர்டர் என்னவாயிற்று என்று கவலைப்படுவோருக்கு: கிடைத்தது. நாலாயிரம் நாற்காலிக்கும் சிரப் பண்டோங்கில்தான் கிளாஸ் மோதியது. பெயர்ப்பலகையும் முழுமை பெற்றது, ‘உதவி மேலாளர்’ என்று. வசந்தன் அதை வீட்டுக்குக் கொண்டு வந்தான். எங்கே மாட்டுவது என்பது இன்னும் தீர்மானமாகாததால் அது செருப்பு அலமாரியின் மேல் கிடக்கிறது.

அந்த நகல்தான் இன்றும் தொழிற்சாலைக் கோப்பில் இருக்கிறது. எழுத்துப் பிழை இல்லை, தேதிப் பிழை இல்லை. பதினோரு ஆண்டுகளில் முதன்முதலாக ஒரே ஓரிடத்தில் மட்டும் திருத்தம். ‘வராதோர்’ என்ற தலைப்பின் கீழே ‘யாருமில்லை’ என்பதன் குறுக்கே ஒரு கோடு. சீட் பெல்ட் என்று யாரும் சொல்ல முடியாத கோடு. அதன் பக்கத்தில் பிரவீனாவின் கையெழுத்தில்:

‘குழந்தையின் தகப்பன்.’